டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட்: அலாய் வீல்களையும் பிற மாற்றங்களையும் தேர்ந்தெடுக்கும் முறை

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்று இரண்டு பெயர்களில் 2012இல் விற்பனைக்கு வந்தது ஒரே கார்தான். இரண்டும் ஜப்பானின் குன்மா மாகாணத்தில், ஓத்தா நகரிலுள்ள சுபாரு ஆலையில் தயாரானவை. 1998 சிசி கொள்ளளவும் 200 குதிரைத்திறனும் கொண்ட, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்தவாறு அமைந்த பாக்ஸர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், 1,200 கிலோவை ஒட்டிய எடை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்தக் கார், பழைய கார் சந்தையில் வாங்கித் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள நினைப்பவர்களின் முதல் தேர்வாக இன்றும் இருக்கிறது. உதிரிபாகங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் தவறான பொருளை வாங்கும் வாய்ப்பும் அதே அளவுக்கு அதிகம். இக்கட்டுரை முதல் தலைமுறைக் கார்களை அடிப்படையாகக் கொண்டது. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு எங்கு வேறுபாடு உண்டோ அங்கு அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

எதை மாற்றுவதற்கு முன்பும் இந்தக் கார் ஏன் இப்படி அமைக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். டொயோட்டாவின் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதாவின் குழு, இதற்கு அகலமான பந்தய டயர்களைக் கொடுக்காமல், 215/45 ஆர்17 அளவிலான (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) மிஷலின் பிரைமஸி எச்பி என்ற சாதாரண சாலை டயரையே தேர்ந்தெடுத்தது. பிடிமானத்தைத் திட்டமிட்டே அளவோடு வைத்ததன் நோக்கம், சாதாரண வேகத்திலேயே காரின் எல்லையை ஓட்டுநர் உணர்ந்து, ஸ்டியரிங்காலும் ஆக்ஸிலேட்டராலும் அதை ஆள முடிய வேண்டும் என்பதுதான். 205 நியூட்டன் மீட்டர் இழுவிசை மட்டுமே உள்ள காருக்கு 255 அகல டயரைப் போட்டால் வளைவில் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் காரின் பின்பகுதி பேசுவதை நிறுத்திவிடும், நேர்ச்சாலையில் எஞ்சின் சோர்ந்ததுபோல் தோன்றும், அதன்பிறகு எஞ்சினையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வரும். இந்தச் சங்கிலி பெரும்பாலும் சக்கரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே மற்ற எல்லாவற்றையும்விடச் சக்கரத்தேர்வில் அதிக நேரம் செலவிடுவது தகும்.

முதலில் காரின் உடல்நிலை

2012, 2013ஆம் ஆண்டுகளில் தயாரான கார்கள் பலவற்றை, வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்ற காரணத்தால் 2018இல் நிறுவனம் திரும்ப அழைத்தது. நீங்கள் வாங்கிய கார் அந்தப் பட்டியலில் இருந்ததா, வேலை முடிந்துவிட்டதா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு விநியோகஸ்தரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த வேலைக்கு எஞ்சினைப் பெருமளவு பிரிக்க வேண்டியிருப்பதால், வேலை எங்கு, எப்போது நடந்தது என்ற பதிவையும் கேட்டு வாங்குவது நல்லது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, கீழ்க்கைகளின் (சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் தண்டுகள்) ரப்பர் புஷ்களில் வெடிப்பு, ஹப் (சக்கரம் பூட்டப்படும் மையப்பகுதி) பேரிங்கில் ஓசை ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். தேய்ந்த புஷ்ஷின் மேல் புதிய சக்கரம் பூட்டிய பின்னர் ஸ்டியரிங் நடுங்கினால், பழி சக்கரத்தின் மீதுதான் விழும்.

அளவுகளைப் படிப்பது

ஜிடி வகைக் காரின் தொழிற்சாலைச் சக்கரம் 17 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் 48 மி.மீ. ஆஃப்செட்டும் (விளக்கம் பின்னால்) கொண்டது. ஐந்து போல்ட்டுகளும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கின்றன, நடுத்துளை 56.1 மி.மீ. இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது. காரின் முகப்பில் டொயோட்டா சின்னம் இருந்தாலும் ஹப், போல்ட், நட் அனைத்தும் சுபாருவின் அளவுகள். டொயோட்டாவின் மற்ற பல கார்களில் போல்ட் வட்டம் 114.3 மி.மீ.; நட்டின் மரை எம்12×1.5. இந்தக் காரிலோ மரை எம்12×1.25. டொயோட்டா நட் என்று கேட்டு வாங்கி வந்து பூட்டினால் முதல் இரண்டு சுற்றுகள் ஏறுவதுபோல் ஏறி அதன்பின் இறுகும். அங்கே நிறுத்தாமல் ஏர் கன்னால் அடித்தால் போல்ட்டின் மரை நாசமாகிவிடும். எந்தப் புதிய நட்டையும் முதல் ஐந்தாறு சுற்றுகள் விரலால்தான் ஏற்ற வேண்டும்; விரலுக்கு ஏறாத நட் அந்தப் போல்ட்டுக்கு உரியதல்ல.

நடுத்துளையைப் பொறுத்தவரை, சந்தையில் விற்கும் சக்கரங்கள் பல கார்களுக்கும் பொருந்தும்படி 65 அல்லது 73 மி.மீ. துளையுடன் வருகின்றன. ஹப்பின் 56.1 மி.மீ. விட்டத்துக்கும் அந்தத் துளைக்கும் இடையிலான வெற்றிடத்தை நிரப்பும் ஹப் ரிங்கைச் சேர்த்தே வாங்குங்கள். கூம்பு வடிவ நட்டே சக்கரத்தை மையப்படுத்திவிடும் என்பார்கள். சீராக இறுக்கினால் அது ஓரளவு உண்மையும்கூட. எனினும் தரையில் குனிந்து ஒற்றை ஆளாகச் சக்கரம் மாட்டும்போது அந்தச் சீர்மை எளிதில் வாய்ப்பதில்லை. சில நூறு ரூபாய் பெறும் ஒரு வளையம், நெடுஞ்சாலை வேகத்தில் வரும் நடுக்கத்தைத் தவிர்க்குமானால் அதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

ஆஃப்செட் என்பது சக்கரம் ஹப்பில் படியும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் இடையிலான தூரம். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும்; கூடக் கூட உள்ளே போகும். அகலமும் சேர்ந்து மாறும்போது பலர் குழம்புகிறார்கள் என்பதால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 17×7, ஆஃப்செட் 48 என்ற சக்கரத்தை எடுத்துவிட்டு 17×8, ஆஃப்செட் 45 என்ற சக்கரத்தை மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் அகலம் கூடியதால் இரு பக்கமும் தலா 12.7 மி.மீ. பரவும். ஆஃப்செட் 3 மி.மீ. குறைந்ததால் வெளிவிளிம்பு 15.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 9.7 மி.மீ. உள்ளே போகும். அதே ஆஃப்செட்டில் 9 அங்குல அகலம் என்றால் வெளியே 28.4, உள்ளே 22.4 மி.மீ. முன்சக்கரத்தில் அந்த 22 மி.மீ. எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. இந்தக் காரின் முன்புறம் மெக்பெர்சன் ஸ்டிரட் அமைப்பு, அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண்; டயரின் உட்தோளுக்கு மிக அருகில் ஸ்டிரட்டின் உடல் நிற்கிறது. பின்புறம் மேலும் கீழும் கைகள் கொண்ட டபுள் விஷ்போன் அமைப்பு என்பதால் அங்கே இடம் தாராளம்.

கணக்கு போட்ட பின் காரில் நேரடியாக அளந்து பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சமதரையில் காரை நிறுத்தி, மட்கார்டு வளைவின் உச்சியில் ஒரு நூலை ஒட்டி, நூலின் முனையில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் ரிம்மின் வெளிவிளிம்புக்கும் உள்ள தூரத்தையும், நூலுக்கும் டயரின் புடைத்த பக்கத்துக்கும் உள்ள தூரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் செய்யுங்கள். இடமும் வலமும் சில மி.மீ. வேறுபடுவது இயல்பு என்பதால் குறைந்த எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும். உட்புறத்துக்கு, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஸ்டிரட்டின் மேல், டயர் நெருங்கும் இடத்தில் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டிக் கழற்றினால், அமுங்கிய களிமண்ணின் தடிமனே மீதமுள்ள இடைவெளி. குறைந்தது 5 மி.மீ. இல்லாத சக்கரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விட்டத்தைப் பற்றி என் கருத்து தெளிவானது: முதல் தலைமுறைக் காருக்கு 17 அங்குலமே போதும். 18 அங்குலம் மட்கார்டுக்குள் நிறைவாகத் தெரியும் என்பதை மறுக்கவில்லை; இரண்டாம் தலைமுறையின் உயர்வகைகளுக்கு நிறுவனமே 18×7.5 சக்கரத்தையும் 215/40 ஆர்18 டயரையும் கொடுத்தது. ஆனால் அந்தக் காரின் 2.4 லிட்டர் எஞ்சின் 235 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 3,700 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டரும் தருகிறது. 2 லிட்டர் காரில், ஆரம்ப விலை வகைச் சக்கரங்களில் ஒரு அங்குலம் கூடும்போது எடையும் கூடி, அந்த எடை மையத்தைவிட்டுத் தள்ளியும் போவதால், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. நல்ல டயர்கள் 17 அங்குலத்தில் விலை குறைவாகக் கிடைப்பது மற்றொரு காரணம். 16 அங்குலத்துக்கு இறங்க நினைப்பவர்கள் முன் கேலிப்பருக்கும் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ரிம்முக்கும் இடையே இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரெம்போ கேலிப்பர் பூட்டிய கார்களில் 17 அங்குலத்திலும் சில சக்கரங்களின் ஆரங்கள் கேலிப்பரில் இடிக்கும். சக்கரத் தயாரிப்பாளர் தரும் அச்சுப்படத்தை அட்டையில் வெட்டி வைத்துப் பார்ப்பது உறுதியான வழி.

டயரின் மொத்த விட்டம் மாறக்கூடாது. 215/45 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 625 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634 ஆகிறது, அதாவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான உயர்வு. 245/40 ஆர்17 போட்டால் 628. மூன்றும் ஏற்கத்தக்கவை. 8 அங்குல ரிம்முக்கு 225 அகலம் பொருத்தம். 9 அங்குலத்துக்கு 245. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள சுமைக்குறியீடு தொழிற்சாலை டயரின் 87க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 87 என்பது ஒரு டயருக்கு 545 கிலோ.

அன்றாடப் பயணத்துக்கும் மலைப்பாதைக்கும் இந்தக் காரை வைத்திருப்பவருக்கு 17×8, ஆஃப்செட் 45ஐ ஒட்டிய சக்கரமும் 225/45 டயரும் என்பதே என் பரிந்துரை. எதையும் வெட்டாமல், மடக்காமல் பொருந்தக்கூடிய அளவு இது. சுகுபா போன்ற சர்க்கியூட்டுக்கு அடிக்கடி செல்பவர் மட்டும் 9 அங்குலத்தை நினைக்கலாம். அதற்கு முன் கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) சஸ்பென்ஷனையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எடையும் தயாரிப்பும்

உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்க்கும் சக்கரம் மலிவானது, சற்றுக் கனமானது. வார்த்த பிறகு ரிம் பகுதியை மட்டும் சூடாக்கி உருளைகளால் அழுத்தி நீட்டும் முறையில் அந்தப் பகுதி மெல்லியதாகவும் உறுதியாகவும் ஆகிறது. என்கெய் நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1 இவ்வகையைச் சேர்ந்தது. 17×9 அளவிலேயே அது ஏழு கிலோவை ஒட்டிய எடையில் இருப்பது, கொடுக்கும் விலைக்குப் பெரிய காரியம். மூன்றாவது, திண்ணிய அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு சக்கரம். ஒசாகாவைச் சேர்ந்த ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டிஇ37 இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆறே ஆரங்கள் கொண்ட அந்த வடிவம் பெரிய மாறுதலின்றி இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஃபோர்ஜ்டு சக்கரத்தின் உண்மையான பயன் எடைக்குறைவு மட்டுமல்ல. குழியில் இறங்கி அடிபட்டால் வார்ப்புச் சக்கரம் விரிசல் விடுமிடத்தில் இது பெரும்பாலும் வளையும். வளைந்த சக்கரத்தில் காற்று மெல்ல இறங்கும், விரிசல் விட்ட சக்கரத்தில் அந்த அவகாசம் கிடைக்காமலும் போகலாம்.

சக்கரத்தின் ஆரத்திலோ பின்புறத்திலோ ஜேடபிள்யூஎல் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். வளைவுச்சோர்வு, சுமையோடு உருளுதல், மோதல் ஆகிய சோதனைகளுக்கான ஜப்பானின் தொழில்நுட்பத் தரத்தை அந்தச் சக்கரம் நிறைவேற்றுகிறது என்று தயாரிப்பாளர் அறிவிப்பதன் அடையாளம் அது. விஐஏ என்ற இரண்டாவது குறியும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்று அதைச் சரிபார்த்திருக்கிறது என்று பொருள். ஜேடபிள்யூஎல் குறி இல்லாத அலாய் வீல் ஜப்பானில் கார்களுக்குக் கட்டாயமான ஷாகென் ஆய்வில் தேறாது. பிரபலமான வடிவங்களின் போலிகளும் சந்தையில் இருப்பதால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காமல் விடுவதே அறிவுடைமை.

பழைய சக்கரம் வாங்குவதில் தவறில்லை. அப் கராஜ் போன்ற பழைய உதிரிபாகக் கடைத்தொடர்களில் நல்ல சக்கரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் முன்முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சக்கரத்தைக் கவிழ்த்து வைத்து, உள்விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத தட்டையான இடம் விரலுக்குத் தெரியும். ஆரம் ரிம்மோடு சேரும் வேர்ப்பகுதியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்தால் மயிரிழை விரிசல் நிழலாகத் தெரியும். நட் உட்காரும் கூம்புத் துளைகள் நீள்வட்டமாகியிருந்தால் அந்தச் சக்கரம் தளர்ந்த நிலையில் ஓடியிருக்கிறது என்று அறியலாம். பின்புறத்திலும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எதை மறைத்தார்கள் என்று கேளுங்கள். சிறிய சிராய்ப்பு உள்ள, பெயின்ட் அடிக்காத சக்கரம் அதைவிட நம்பத்தக்கது.

ஷாகென் விதிகள்

புதிய காருக்கு மூன்று ஆண்டுகளிலும் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வரும் ஷாகென் ஆய்வை மனத்தில் வைத்தே எதையும் வாங்க வேண்டும். சக்கர மையத்துக்கு மேலே, முன்னோக்கி 30 பாகையும் பின்னோக்கி 50 பாகையும் கொண்ட பகுதியில் சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரியக்கூடாது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி டயரின் பக்கச்சுவர் மட்டும் 10 மி.மீ.க்குக் குறைவாகப் புடைக்கலாம். ரிம்முக்கு அந்தச் சலுகை இல்லை. காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் குறைந்தது 9 செ.மீ. இடைவெளி வேண்டும். மட்கார்டு விரிவாக்கத்தால் காரின் அகலம் பதிவிலுள்ளதைவிட 2 செ.மீ.க்கு மேல் மாறினால் கட்டமைப்பு மாற்றத்துக்கான தனி அனுமதி பெற வேண்டும். வேறு நாடுகளில் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அந்நாட்டு விதிகளைத்தான் பார்க்க வேண்டும். சில இடங்களில் அவை ஜப்பானைவிடக் கடுமையானவை.

சக்கரத்துக்குப் பின் எது

முதல் செலவு பிரேக் பேடுக்கும் பிரேக் எண்ணெய்க்கும் போக வேண்டும். டாட் 4 தர எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. ஈரம் சேர்ந்தபின் அந்தத் தரம் கோருவது 155 பாகை மட்டுமே. மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்குவதற்கு அந்த ஈரம்தான் காரணம். பெரிய கேலிப்பர் வாங்கும் பணத்தில் சிறு பங்கே, புதிய எண்ணெய்க்கும் நடுத்தர வெப்பத்தைத் தாங்கும் பேடுக்கும் போதும்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. தொழிற்சாலை அமைப்பில் முன் கேம்பர் கிட்டத்தட்டச் சுழியம் என்பதால் வளைவில் முன்டயரின் வெளித்தோள் மட்டும் உழைத்துத் தேய்கிறது. ஸ்டிரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் பூட்டி, டயரின் மேற்பகுதி உட்பக்கம் சாயும்படி ஒன்றரைப் பாகை அளவுக்குச் சாய்த்து, டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சுழியத்தில் வைத்தால் ஸ்டியரிங்கின் கூர்மை வேறாகிவிடும். செலவுக்குக் கிடைக்கும் பயனை வைத்துப் பார்த்தால் இந்தக் காரில் இதற்கு ஈடான மாற்றம் வேறில்லை. கேம்பர் சாயும்போது டயரின் மேற்பகுதி ஸ்டிரட்டை நோக்கி நகரும் என்பதால் களிமண் சோதனையை மறுபடியும் செய்துகொள்ளுங்கள்.

காரைத் தாழ்த்துவதில் நிதானம் வேண்டும். 20 முதல் 25 மி.மீ. வரை தோற்றமும் நடத்தையும் சேர்ந்தே மேம்படும். அதற்கு மேல் போனால் முன்புறக் கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கிய கோணத்துக்கு வந்துவிடும். காரின் சாய்வு மையம் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குவதால், தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாயும். அதை அடக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகுக்கு வரும். ஷாக் அப்சார்பர் 60,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, இந்தக் காரின் அறிந்த குறை 3,500 முதல் 4,500 சுற்று வரை இழுவிசை பள்ளமாக இறங்குவது. காற்று வடிகட்டியும் சைலன்சரும் மாற்றினால் ஓசை மாறும், பள்ளம் போகாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதற்கேற்ற இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) டியூனிங்கும் சேர்ந்தால்தான் அது நிரம்பும். மேனிஃபோல்டிலேயே வினையூக்கி மாற்றி இருப்பதால், அதை நீக்கிய பொருட்களை வாங்கினால் ஆய்வில் தேறாது என்பதோடு காற்றையும் கெடுக்கும். மாற்றியோடு வருவதையே தேடுங்கள். 2010 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களுக்கு, ஓசை தொடர்பான சான்று பெற்ற சைலன்சரே செல்லும். அருகில் வைத்து அளக்கும்போது முதல் தலைமுறைக் காருக்கு எல்லை 96 டெசிபல். டர்போவோ சூப்பர்சார்ஜரோ பூட்ட நினைப்பவர்கள் 12.5:1 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தை மறக்கக்கூடாது. அந்த விகிதத்தில் பூஸ்ட் (அழுத்தி உட்செலுத்தும் காற்று) சேரும்போது நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். அனுபவமுள்ள டியூனரும் ஆயில் கூலரும் இல்லாமல் அந்த வழியில் இறங்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். டயர், ஸ்பிரிங், அலைன்மென்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், கார் மோசமானாலும் நன்றானாலும் எதனால் என்று தெரியாது.

பூட்டுதல்

ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஹப் ரிங்கைச் சக்கரத்தில் பொருத்தி, நட்டுகளை விரலால் ஏற்றியபின் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். கார் தரையில் இறங்கிய பிறகு டார்க் ரென்ச்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முடியுங்கள். பின்னர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் உரசிய பளபளப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். பின்னிருக்கையில் இருவரை அமரவைத்து, வேகத்தடையில் ஏற்றி இறக்கியும் சோதியுங்கள். தனியாக ஓட்டும்போது உரசாத பின்டயர் அப்போது உரசக்கூடும். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய தொழிற்சாலைச் சக்கரங்களையும் நட்டுகளையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள். மழைக்கால டயர்களுக்கும், பின்னாளில் காரை விற்கும்போதும் அவை தேவைப்படும்.